பெட்டியில் அச்சிட்ட தொலைவை நம்பி ட்ரோனை அனுப்பலாமா?

கேள்வி:
என் ட்ரோனின் எடை 249 கிராம். பெட்டியில் 10 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். 250 கிராமுக்குக் கீழே இருந்தால் எந்த விதியும் பொருந்தாது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத வெளியில் 5 கி.மீ. போய்த் திரும்பினால் யாருக்கு என்ன நட்டம்? சிக்னல் போனாலும் தானாகத் திரும்பி வந்துவிடும் அல்லவா?

2025 செப்டம்பர் 6, காலை

ஒரே கேள்விக்குள் நான்கு நம்பிக்கைகள் இருக்கின்றன. எடை காப்பாற்றும், பெட்டி சொல்வது நடக்கும், வெட்டவெளியில் ஆபத்து இல்லை, ட்ரோன் தானே திரும்பும். நான்கையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன். முதலில் பெட்டி.

அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருக்கும். தடையில்லாத, குறுக்கீடில்லாத வெளியில், திரும்பி வருவதைக் கணக்கில் கொள்ளாமல், ஒரு வழிப் பயணத்தில் அளந்தது என்று அதில் சொல்லியிருப்பார்கள். ரேடியோ எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கான எண் அது. பேட்டரிக்கும் காற்றுக்கும் சட்டத்துக்கும் அதில் இடமே இல்லை.

ரேடியோவுக்கும்கூட நாட்டுக்கு ஓர் எண். டிஜேஐ நிறுவனத்தின் மினி 2 என்ற ட்ரோனுக்கு அமெரிக்க அளவில் 10 கி.மீ., ஐரோப்பிய அளவில் 6 கி.மீ. என்று நிறுவனமே அறிவித்தது. கருவி ஒன்றுதான். ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுமதிக்கப்பட்ட உமிழ்வு 100 மில்லிவாட். அமெரிக்காவில் அதைவிடப் பல மடங்கு அதிகம். அமைப்பை மாற்றி "அமெரிக்க முறைக்கு" கொண்டுபோகும் வழிகளை இங்கே யாரும் பதிவிட வேண்டாம். அது இன்னொரு சட்டத்தை மீறுவது.

செப்டம்பர் 6, இரவு

எடை. பல நாடுகளில் 250 கிராம் ஒரு கோடு என்பது உண்மை. எதற்கான கோடு என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவர் 250 கிராமுக்குக் கீழே பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் ட்ரோன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கட்டுப்பாடற்ற (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் கீழ் வராத) வான்வெளியில் 400 அடிக்கு மேல் போகக் கூடாது என்ற இரண்டும் அப்படியே பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் எடை குறைவாக இருந்தாலும் கேமரா இருந்தால் இயக்குபவர் பதிவு செய்தாக வேண்டும். 120 மீட்டர் உயர வரம்பும் பார்வை எல்லை விதியும் எல்லோருக்கும் ஒன்றே. ஜப்பானில் 2022 ஜூன் முதல் 100 கிராமிலேயே பதிவு தொடங்கிவிடுகிறது. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், வணிக நோக்கமில்லாத மைக்ரோவுக்கும் விமானிச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கே பறக்கலாம், எங்கே அனுமதி வேண்டும் என்று காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டல வரைபடம் நானோவையும் சேர்த்தே கட்டுப்படுத்தும்.

எடை குறைந்தால் காகித வேலை குறையும், அவ்வளவுதான். தொலைவுக்கான அனுமதி இந்த நாடுகளில் எடையிலிருந்து பிறப்பதில்லை.

செப்டம்பர் 8

"யாருக்கு என்ன நட்டம்" என்ற கேள்விக்கு ஒரு விசாரணை அறிக்கையே விடை. 2017 செப்டம்பர் 21 மாலை, நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்குக் கிழக்கே, அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று சுமார் 300 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. டிஜேஐயின் ஃபாண்டம் 4 ட்ரோன் ஒன்று அதன்மீது மோதியது. பிரதான சுழலியின் ஓர் இறக்கையில் ஒன்றரை அங்குலப் பள்ளம். ஹெலிகாப்டர் பத்திரமாகத் தரையிறங்கியது. ட்ரோனின் மோட்டாரும் அதைத் தாங்கும் சட்டத்தின் ஒரு துண்டும் அதில் கிடைத்தன.

ட்ரோனை இயக்கியவர் சுமார் இரண்டரை மைல் தள்ளி நின்றிருந்தார். அது 4 கி.மீ. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல் அறுந்ததும் வீடு திரும்பும் வசதி அதைக் கொண்டுவரும் என்று காத்திருந்தார். வரவில்லை என்றதும் எங்கோ தண்ணீரில் விழுந்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டார். விசாரணை அதிகாரிகள் தொடர்பு கொண்ட பிறகுதான் மோதல் நடந்ததே அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் தற்காலிகப் பறப்புத் தடை அமலில் இருந்ததும் அவருக்குத் தெரியாது. பார்வை எல்லைக்கு அப்பால் வேண்டுமென்றே பறக்கவிட்டதால் ஹெலிகாப்டரைப் பார்த்து விலக முடியாமல் போனதே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியது.

இந்த அறிக்கையை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் உண்டு. மோதியவருக்கே மோதியது தெரியாது. நெடுந்தூரத்தில் உள்ள ஆபத்து இதுதான். கேமரா முன்னால் ஒரு குறுகிய கூம்பைத்தான் காட்டுகிறது. பக்கவாட்டிலும் பின்னாலும் மேலேயும் என்ன வருகிறது என்பதைக் காட்டாது. ஹெலிகாப்டரின் சத்தம் உங்கள் காதுக்கு வராது, ஏனென்றால் நீங்கள் அங்கே இல்லை.

செப்டம்பர் 9

"அது பெருநகரம், நான் சொல்வது வெட்டவெளி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

தரையில் ஆள் இல்லை என்றால் வானிலும் ஆள் இல்லை என்று ஆகாது. மருந்து தெளிக்கும் விமானம், மின்கம்பி பார்க்கும் ஹெலிகாப்டர், பாராகிளைடரில் வருபவர் எல்லோரும் வெட்டவெளியில்தான் தாழப் பறக்கிறார்கள். நெருக்கடி நேரத்தில் இன்னும் மோசம். 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பாலிசேட்ஸ் காட்டுத்தீயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த சூப்பர் ஸ்கூப்பர் விமானத்தின் இடது இறக்கையில் ஒரு ட்ரோன் மோதி, 3 அங்குலத்துக்கு 6 அங்குலம் அளவில் ஓட்டை விழுந்தது. எரிந்துகொண்டிருந்த ஊருக்குத் தேவைப்பட்ட விமானம் பழுதுபார்ப்புக்குப் போய்விட்டது. அந்த ட்ரோன் புறப்பட்ட இடத்திலிருந்து 2,500 மீட்டர் போயிருந்தது. இயக்கியவரின் பார்வையிலிருந்து அது ஏற்கெனவே மறைந்துவிட்டது.

இரண்டு சம்பவங்களிலும் ட்ரோனில் எந்தக் கோளாறும் இல்லை. கண்ணுக்கு எட்டும் தூரத்தைத் தாண்டி அனுப்பினார்கள்.

செப்டம்பர் 14

இனி திரும்பி வருவது. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

கேள்வி கேட்டவரின் 5 கி.மீ.யையே எடுத்துக்கொள்வோம். ட்ரோன் காற்றில் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக ஐந்தரை நிமிடம், வர ஐந்தரை நிமிடம். இப்போது போகும் திசையில் நொடிக்கு 6 மீட்டர் காற்று அடிக்கிறது. போவதற்கு 4 நிமிடம்தான் ஆகும். திரையில் வேகம் 21 என்று காட்டும், பேட்டரி பாதிகூடக் குறைந்திருக்காது, மனம் இன்னும் கொஞ்சம் போகச் சொல்லும். திரும்பும்போது தரை வேகம் 9. வந்து சேர 9 நிமிடத்துக்கு மேல் ஆகும். காற்று 10 மீட்டர் என்றால் போவது 3 நிமிடம் 20 நொடி, வருவது 16 நிமிடம் 40 நொடி. சிறிய ட்ரோன்கள் பலவற்றின் பேட்டரி அதற்குள் தீர்ந்துவிடும்.

எதிர்காற்றில் நான் திரும்பிய ஒரு மாலையில் திரை எப்படி இருந்தது என்று சொல்கிறேன். மூக்கு நன்றாகத் தாழ்ந்திருக்கிறது. அடிவானம் திரையின் மேல் விளிம்புக்குப் போய்விட்டது. மோட்டார் இழுக்கும் ஆம்பியர் போனபோது இருந்ததைவிட ஒன்றரை மடங்கு. கீழே ஒரு வண்டித்தடம் தெரிகிறது, அதில் ஒரு தனி மரம். அந்த மரம் திரையின் அடியை எட்டவே நெடுநேரம் எடுக்கிறது. பேட்டரி எண் குறைந்துகொண்டே இருக்க, வீட்டுக்கான தூரம் என்ற எண் மட்டும் ஒட்டிவைத்ததுபோல் நிற்கிறது. அன்று பேட்டரியில் போதிய இருப்பு வைத்திருந்ததால் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த மரம் அசையாமல் நின்ற காட்சி என் பழக்கத்தை மாற்றிவிட்டது. அதிலிருந்து முதல் பாதி எப்போதும் காற்றை எதிர்த்துத்தான். போகும்போது சிரமப்பட்டால் வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

செப்டம்பர் 15

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். கணக்கில் 6 மீட்டர் என்று போட்டது ட்ரோன் இருக்கும் உயரத்தில் அடிக்கும் காற்று. தரையில் முகத்தில் படும் காற்று அது இல்லை. திறந்த நிலத்தில், 10 மீட்டர் உயரத்தில் வீசும் காற்றைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு 100 மீட்டரில் வீசும். வானிலை அறிக்கையில் சொல்வது 10 மீட்டர் உயரத்துக்கான காற்று. அறிக்கையில் 6 என்றால் மேலே 8-க்கு மேல். அப்போது திரும்பும் நேரம் 12 நிமிடத்தைத் தாண்டிவிடும்.

"அப்படியென்றால் திரும்பும்போது தாழப் பறக்கலாமே?" என்று உடனே ஒருவர் கேட்டிருக்கிறார். காற்றுக்கு அது சரி. ரேடியோவுக்குச் சரியில்லை. மரங்களுக்கும் கம்பிகளுக்கும் அறவே சரியில்லை. தாழ வேண்டுமென்றால் அந்தப் பாதையைக் கால்நடையாகவோ வண்டியிலோ முன்பே பார்த்திருக்க வேண்டும்.

எந்த ட்ரோனாக இருந்தாலும், மேலே ஏற்றிய உடனே ஒரு நிமிடம் அதே இடத்தில் நிறுத்துங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்று பாருங்கள். காற்றின் திசையும் பலமும் அந்தச் சாய்விலேயே தெரியும்.

செப்டம்பர் 21

ரேடியோ பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். "1 வாட் போட்டால் எவ்வளவு தூரம் போகும்?" என்பதே எல்லாக் கேள்விகளின் சாரம்.

சக்தியை இரட்டிப்பாக்கினால் தூரம் 1.4 மடங்குதான் கூடும். தூரம் இரட்டிக்க வேண்டுமென்றால் சக்தி நான்கு மடங்கு ஆக வேண்டும். இது தடையே இல்லாத வெளிக்கான கணக்கு. உண்மையான நிலத்தில் இதுகூடக் கிடைக்காது.

5 கி.மீ.க்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தூரத்துக்கு இழப்பு சுமார் 114 டெசிபல் (சிக்னல் பலம் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு). 100 மில்லிவாட் அனுப்பி, இருபக்கமும் சாதாரண ஆன்டெனா இருந்தால் ட்ரோனுக்கு வந்து சேர்வது ஏறக்குறைய மைனஸ் 90. மைனஸ் எண் எவ்வளவு பெரிதோ சிக்னல் அவ்வளவு மெல்லியது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரிமோட் இணைப்பு முறை 250 ஹெர்ட்ஸ் வேகத்தில் மைனஸ் 108 வரை கேட்கும். கையில் 18 டெசிபல் மிச்சம். தாராளமாகத் தெரிகிறது.

இப்போது ஆன்டெனாவின் முனையை ட்ரோனை நோக்கி நீட்டுங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். குச்சி ஆன்டெனாவின் முனையில் கதிர்வீச்சு மிகக் குறைவு. பக்கவாட்டில்தான் அது பலமாகப் போகும். அதோடு ட்ரோனில் உள்ள ஆன்டெனா படுத்திருந்து, கையில் உள்ளது நிமிர்ந்திருந்தால் அதற்கு இன்னொரு 20 டெசிபல் வரை போகலாம். 18 இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு வாட் கருவி வாங்கினால் கிடைப்பது 10 டெசிபல். ஆன்டெனாவைச் சரியாகப் பிடித்தால் அதைவிட அதிகம் கிடைக்கிறது, அதுவும் செலவே இல்லாமல்.

அடுத்து மரவரிசை. ரேடியோ அலை கயிறுபோல் ஒற்றைக்கோட்டில் போவதில்லை. நடுவில் தடித்த ஒரு சுருட்டின் வடிவத்தில் இடம் வேண்டும். 5 கி.மீ. தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் பாதிவழியில் அதன் ஆரம் 12.5 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது காலியாக இருக்க வேண்டும், அதாவது கோட்டைச் சுற்றி 7.5 மீட்டர். ட்ரோன் கண்ணுக்கு நேராக, மரத்தலைக்கு மேலே தெரிந்தாலும், அந்தத் தலை கோட்டை நெருங்கியிருந்தால் சிக்னல் தேயும்.

திரையில் ஆர்எஸ்எஸ்ஐ, எல்க்யூ என்று இரண்டு எண்கள் வரும். முதலாவது வந்து சேரும் சிக்னலின் பலம். இரண்டாவது, அனுப்பிய பொட்டலங்களில் நூற்றுக்கு எத்தனை வந்து சேர்ந்தன என்பது. நான் இரண்டாவதைத்தான் பார்க்கிறேன், ஆனால் முதலாவது வேகமாக இறங்கினால் இரண்டாவது 100-இல் நின்றாலும் திரும்பிவிடுவேன். எல்க்யூ கடைசிவரை 100 காட்டிவிட்டுத் திடீரென்று சரியும். எச்சரிக்கை தருவது ஆர்எஸ்எஸ்ஐதான்.

செப்டம்பர் 22

"அப்படியானால் 900 மெகாஹெர்ட்ஸ்தான் வழியா?" மரங்களை அது இன்னும் நன்றாகக் கடக்கும். ஆன்டெனா நீளம் கூடும். அந்த அலைவரிசை எல்லா நாட்டிலும் உரிமமில்லாமல் கிடைக்காது. ஐரோப்பாவில் 868, அமெரிக்காவில் 915. வாங்கும் முன் உங்கள் நாட்டின் பட்டியலைப் பாருங்கள்.

அக்டோபர் 2

நான்காவது நம்பிக்கை: தானாகத் திரும்பும்.

திரும்பும், சொல்லிவைத்திருந்தால். கடையில் வாங்கிய ட்ரோன்களில் வசதி தயாராக இருக்கும், ஆனால் திரும்பும் உயரத்தை நீங்கள்தான் நிர்ணயிக்க வேண்டும். நீங்களே கட்டிய ட்ரோனில் பீட்டாஃபிளைட் என்ற பறப்பு மென்பொருள் இருந்தால், ஃபெயில்சேஃபின் (சிக்னல் போனால் செய்ய வேண்டியது) இயல்பான அமைப்பு மோட்டாரை நிறுத்திக் கீழே விழச் செய்வது. ஜிபிஎஸ் மீட்பு என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஜிபிஎஸ் பொருத்தியதாலேயே அது வேலை செய்யாது. நெடுந்தூரத்துக்கு ஐநேவ் அல்லது ஆர்டுபைலட் எனக்குப் பிடிக்கும். அவை தானாக வழிகண்டு பறப்பதை மையமாக வைத்து எழுதப்பட்ட மென்பொருள்கள்.

நான் செய்யும் சோதனை இது. புதிதாக எதை மாற்றினாலும், மென்பொருளைப் புதுப்பித்தாலும், ஆன்டெனாவை நகர்த்தினாலும் மறுபடி செய்வேன். முதலில் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மேசைமேல் ரிமோட்டை அணைத்து, ட்ரோன் சிக்னல் போனதை உணர்கிறதா என்று திரையில் பார்ப்பேன். பிறகு திறந்த வெளியில், செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை நிலைத்த பிறகு மட்டும் ஏற்றுவேன். ஹோம் பாயிண்ட் (திரும்பி வர வேண்டிய இடம்) பதிவாகிவிட்டதா என்று அம்புக்குறியை வைத்துச் சரிபார்ப்பேன். பக்கவாட்டில் நகர்த்தினால் அம்பு சரியாக என்னை நோக்கித் திரும்ப வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் தூரத்தில், போதிய உயரத்தில், முதலில் ஒரு விசையைத் தட்டி மீட்பைத் தொடங்கிப் பார்ப்பேன். அது சரியாக இருந்தால் மட்டும் ரிமோட்டையே அணைப்பேன்.

அந்த ஒரு நொடி எனக்கு இன்னும் பழகவில்லை. கையில் உள்ள திரை கறுத்துப்போகிறது. ட்ரோன் ஒரு கணம் தயங்கி நிற்கிறது. மோட்டார் ஓசை மாறுகிறது, மேலே ஏறுகிறது, மூக்கைத் திருப்புகிறது. மூக்கு என்னை நோக்கித் திரும்பியதும்தான் மூச்சு வருகிறது. அது தவறான பக்கம் திரும்பினால் திசை காட்டும் காந்தமானியில் கோளாறு. உடனே ரிமோட்டை மீண்டும் இயக்கிக் கட்டுப்பாட்டைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். ஜிபிஎஸ், காந்தமானி இரண்டையும் மின்கம்பிகளுக்கும் வீடியோ அனுப்பும் கருவிக்கும் விலக்கி ஒரு சிறு கம்பத்தில் தூக்கி வைப்பது இந்தக் கோளாறைப் பெரும்பாலும் தவிர்க்கும்.

அக்டோபர் 5

திரும்பும் உயரம் பற்றி. ட்ரோன் திரையில் காட்டும் உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து காற்றழுத்தத்தை வைத்து அளந்தது. கீழே உள்ள நிலம் ஏறினால் அதற்குத் தெரியாது. சமவெளியில் நின்று 80 மீட்டர் என்று வைத்துவிட்டு 90 மீட்டர் மேட்டுக்கு அப்பால் போனால், சிக்னல் போய்த் திரும்பும்போது அது நேராக மேட்டில் முட்டக்கூடும்.

சட்டத்தின் அளவு வேறு. ஐரோப்பாவின் 120 மீட்டர் என்பது ட்ரோனுக்கு மிக அருகில் உள்ள நிலப்பரப்பிலிருந்து கணக்கிடப்படுவது. மலையுச்சியில் நின்று பள்ளத்தாக்குக்கு மேலே நேராக வெளியே அனுப்பினால், உங்கள் திரை பூஜ்யம் என்று காட்டும்போதே நீங்கள் வரம்பை மீறியிருக்கலாம். உயர வரைபடத்தை முன்பே பார்த்து, பாதையின் மிக உயர்ந்த புள்ளியையும் மிகத் தாழ்ந்த புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 19

"பார்வை எல்லை என்றால் எத்தனை மீட்டர்?" ஒருவர் 500 மீட்டரில் தன் 249 கிராம் ட்ரோன் தெரிகிறது என்கிறார். இன்னொருவர் ஒரு கிலோமீட்டரிலும் தெரியும் என்கிறார்.

புள்ளியாகத் தெரிவது வேறு, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, எங்கே நகர்கிறது என்று தெரிவது வேறு. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதலில் ஒரு சூத்திரம் உண்டு. மல்டிரோட்டருக்கு (பல புரொப்பெல்லர்களால் நேராக மேலெழும் ட்ரோன்), அதன் மிகப் பெரிய அளவை மீட்டரில் எடுத்து 327 ஆல் பெருக்கி 20 கூட்ட வேண்டும். புரொப்பெல்லரோடு சேர்த்து 30 செ.மீ. உள்ள ட்ரோனுக்கு வருவது 118 மீட்டர். 7 அங்குல புரொப்பெல்லர்களோடு அரை மீட்டர் உள்ள ட்ரோனுக்கு 183 மீட்டர். இறக்கை விமானத்துக்கு 490 ஆல் பெருக்கி 30 கூட்ட வேண்டும். ஒன்றரை மீட்டர் இறக்கை இருந்தால் 765 மீட்டர்.

முதன்முதலில் இந்தக் கணக்கைப் பார்த்தபோது மிகக் கறாராக இருக்கிறது என்று நினைத்தேன். திறந்த வெளியில் சோதித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. ஒருவரை என் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, அவர் திரையைப் பார்த்துக்கொண்டு ட்ரோனை விருப்பப்படி திருப்பச் சொன்னேன். மூக்கு எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டும். 118 மீட்டருக்கு வெகு அருகிலேயே என் விடைகள் ஊகமாகிவிட்டன. நீங்களும் செய்து பாருங்கள். பிரகாசமான விளக்கு வைத்தால் எங்கே இருக்கிறது என்பது இன்னும் தூரத்திலும் தெரியும், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அப்போதும் தெரியாது.

எஃப்பிவி கண்ணாடி (ட்ரோனின் கேமரா காட்சியைக் கண்முன்னே காட்டுவது) போட்டுக்கொண்டு ஓட்டுபவருக்கு: அமெரிக்கப் பொழுதுபோக்கு விதியிலும் ஐரோப்பியத் திறந்த வகையிலும் பக்கத்திலேயே நின்று ட்ரோனை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் துணைப் பார்வையாளர் வேண்டும். தொலைபேசியில் பேசிக்கொண்டு வேறு இடத்தில் நிற்பவர் ஆக மாட்டார். அந்த வேலைக்கு வருபவரிடம் திரையைக் காட்டாதீர்கள். காட்டினால் அவரும் திரையைத்தான் பார்ப்பார். வானத்தில் வேறு எது வந்தாலும் "இறக்கு" என்று ஒரே ஒரு சொல் சொல்லச் சொல்லுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பிறகு.

நவம்பர் 1

"எல்லாவற்றையும் தடுத்துவிட்டீர்கள், நெடுந்தூரம் என்பதே கிடையாதா?" என்று கேள்வி கேட்டவரே வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அவருக்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

தூரத்தை ஏன் ஆரமாகவே அளக்க வேண்டும்? பாதையின் நீளமாக அளந்து பாருங்கள். நான் நெடுந்தூரத்துக்காகக் கட்டிய இறக்கை விமானம் என்னைச் சுற்றியே வட்டமிடுகிறது. 300 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம் ஏறக்குறைய 1.9 கி.மீ. பத்துச் சுற்றுப் போனால் 19 கி.மீ. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதி எதிர்காற்றில், ஒரு பாதி பின்காற்றில். எந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு பேட்டரியில் எத்தனை மில்லியாம்பியர்-மணி செலவாகிறது என்று துல்லியமாகக் குறித்துக்கொள்ளலாம். நெடுந்தூரப் பொறியியல் முழுவதும் அதில் இருக்கிறது: புரொப்பெல்லர் தேர்வு, எடைச் சமநிலை, வேகம், மின்கலன். கண் முன்னே நடப்பதால் ஒவ்வொரு மாற்றத்தின் பலனும் உடனே தெரிகிறது. நேர்கோட்டில் 5 கி.மீ. அனுப்பியவருக்கு இவ்வளவு தெரிய வாய்ப்பில்லை.

கண்ணுக்கு அப்பால் போகத்தான் வேண்டும் என்றால் சட்டத்துக்குள்ளேயே வாசல் இருக்கிறது. ஐரோப்பாவில் 2024 ஜனவரி 1 முதல் எஸ்டிஎஸ்-02 என்ற நிலையான முறை. மக்கள் குறைந்த, தரை கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில், வான்வெளிப் பார்வையாளர்கள் இல்லாமல் 1 கி.மீ., இருந்தால் 2 கி.மீ. வரை. அதற்கு சி6 வகுப்பு ட்ரோனும் பயிற்சியும் வேண்டும். அமெரிக்காவில் பகுதி 107 என்ற சிறு ட்ரோன் விதிகளின்படி உரிமம் பெற்று விலக்கு கேட்கலாம். பார்வைக்கு அப்பாற்பட்ட பறப்புக்கென்றே பகுதி 108 என்ற வரைவை 2025 ஆகஸ்டில் வெளியிட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 5

கனடாவின் புதிய விதிகள் நேற்று, நவம்பர் 4 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. மக்கள் குறைவாக உள்ள இடங்களில், கட்டுப்பாடற்ற வான்வெளியில், கண்ணுக்கு அப்பால் பறக்கவிடுவதற்கு ஒவ்வொரு முறையும் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதற்குரிய விமானிச் சான்றிதழும், இயக்கும் அமைப்புக்கான சான்றிதழும், தகுதி உறுதி செய்யப்பட்ட ட்ரோனும் இருக்க வேண்டும். பொழுதுபோக்காளர் ஒருவர் தனியாக இதைச் செய்வது பெருவேலை. ஒரு குழுவாகச் சேர்ந்தால் முடியும். எனக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி.

நவம்பர் 9

மாதிரி விமானத்தின் மிகப் பெரிய நெடுந்தூரப் பயணம் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. 2003 ஆகஸ்ட் 9 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள கேப் ஸ்பியரிலிருந்து பால்சா மரத்தாலான ஒரு மாதிரி விமானம் புறப்பட்டது. கட்டியவர் மேனார்ட் ஹில். எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்குள் எடை. ஜிபிஎஸ் தானியங்கி வழிகாட்ட, அட்லாண்டிக்கைக் கடந்து ஆகஸ்ட் 11 அன்று அயர்லாந்தின் மேற்குக் கரையில் இறங்கியது. ஏறக்குறைய 3,030 கி.மீ., 38 மணி 52 நிமிடம். அப்போது ஹில்லுக்குப் பார்வை பெரும்பாலும் போயிருந்தது, காதும் சரியாகக் கேட்காது. ஐந்தாவது விமானம்தான் கடலைத் தாண்டியது. அதற்கு முன்பு அனுப்பியவை சென்று சேரவில்லை.

அவர் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பவில்லை. எரிபொருளை கிராம் கணக்கில் அளந்தார். ஆண்டுக்கணக்கில் இயந்திரத்தின் சிக்கனத்தைக் கூட்டினார். சுற்றுகளில் சேர்க்கும் எண்களின் மதிப்பு எனக்கு அவரிடமிருந்துதான் புரிந்தது.

நவம்பர் 23

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். சிறிய இறக்கை விமானம் ஒன்றை வாங்கி, பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு சுற்றுகள் போடத் தொடங்கிவிட்டார். லித்தியம் பாலிமரிலிருந்து லித்தியம் அயனுக்கு மாறலாமா என்று கேட்கிறார்.

மாறலாம். மோலிசெல் பி42ஏ போன்ற ஒரு 21700 கலம் (அளவைக் குறிக்கும் எண்) 70 கிராமில் 15.5 வாட்-மணி தருகிறது, கிலோவுக்கு 220-க்கு மேல். சாதாரண பாலிமர் பேட்டரி அந்த அளவுக்கு வராது. ஆனால் திடீரென்று அதிகம் இழுத்தால் அயன் கலத்தின் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். புறப்படும்போதும் எதிர்காற்றிலும் கவனம் வேண்டும். பாலிமரை 3.5 வோல்ட்டில் நிறுத்துவோம். அயனை 3.0 வரை இறக்கலாம். எச்சரிக்கை அளவுகளை மாற்றாமல் பேட்டரியை மட்டும் மாற்றினால், பாதியிலேயே மென்பொருள் பேட்டரி தீர்ந்தது என்று கத்தும். குளிரில் இரண்டும் கொள்ளளவை இழக்கும்.

வோல்டேஜை வைத்துத் திரும்பாதீர்கள், செலவான மில்லியாம்பியர்-மணியை வைத்துத் திரும்புங்கள். அதற்கு மின்னோட்ட உணரி சரியாக இருக்க வேண்டும். ஒரு பறப்பு முடிந்ததும் திரை காட்டிய செலவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சார்ஜர் திருப்பி ஏற்றிய அளவைப் பாருங்கள். திரை 2,000 என்றும் சார்ஜர் 2,300 என்றும் சொன்னால் உணரி குறைவாகக் காட்டுகிறது. அந்த விகிதத்தில் அளவுகோலைத் திருத்தி, மறுபடி பறந்து, மறுபடி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் வரை எந்தக் கணக்கையும் நம்ப வேண்டாம். உங்கள் எண்களை இங்கே பதிவிட்டால், காற்றின் வேகத்தோடு சேர்த்து, நான் பார்த்துச் சொல்கிறேன்.